சிலிண்டர் எழுதும் பரீட்சை

உங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரின் தலையில் ஒரு வட்டக் கைப்பிடி இருக்கிறதல்லவா, அதை மூன்று இரும்புப் பட்டைகள் தாங்கி நிற்கும். அந்தப் பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் ஏதாவது ஒன்றும், பக்கத்தில் இரண்டு இலக்க எண்ணும் பெயிண்டில் எழுதியிருக்கும். பி-28 என்றிருந்தால் 2028-ஆம் ஆண்டின் இரண்டாவது காலாண்டு, அதாவது ஏப்ரல் முதல் ஜூன் வரை, என்று அர்த்தம். அதற்குள் அந்த சிலிண்டர் மறுசோதனைக்குப் போயாக வேண்டும். தவணை தாண்டிய சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வேறு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் தெருவில் கேஸ் வண்டிக்காரத் தம்பி என்னைக் கண்டாலே சிலிண்டரைத் திருப்பி எழுத்து தெரிகிற மாதிரி வைத்துவிடுவார். "முசே பார்த்துட்டாரு, இறக்கலாம்" என்பது அவருடைய கேலி. இருக்கட்டும். முப்பத்து நான்கு வருஷம் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் ரேஷன் அட்டைகளுக்கு நடுவே போனது. கேஸ் இணைப்பு உள்ள குடும்பத்துக்கு மண்ணெண்ணெய் குறைவு என்பதால், அட்டையில் அதற்கென ஒரு ரப்பர் முத்திரை குத்துவோம். முத்திரை குத்தியே பிழைத்தவனுக்கு எதில் முத்திரையைக் கண்டாலும் படிக்கத்தானே தோன்றும்?

ஆனால் இந்த எழுத்துக்குப் பின்னால் இத்தனை பெரிய கதை இருக்கிறது என்று யோசிக்க வைத்தது ஜவ்வாது மலை. என் மாப்பிள்ளை ஜமுனாமரத்தூர் பக்கம் ஆசிரியராக இருக்கிறார். வருஷத்தில் ஒரு மாதமாவது அங்கே போய்விடுவேன். காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் கூரைகள், சாமை வயல், பலாப்பழ வாசனை, குளிர்ந்த இரவு என்று அந்த மலையைப் பற்றி முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். சென்ற முறை போனபோது மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒரு இளைஞர் வந்து, "ஐயா, உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமாமே, ஒரு தகட்டைப் படிச்சுச் சொல்லணும்" என்று அழைத்துப் போனார்.

அவருடைய நிலத்தில் ஒரு கொட்டகை. உள்ளே பெழோ ஜே7 என்ற பழைய பிரெஞ்சு வேன். 1965 முதல் 1980 வரை அந்த ரகம் தயாரானது. உள்ளே படுக்கை, மடக்கு மேசை, இரண்டு பர்னர் அடுப்பு, சின்னத் தொட்டி எல்லாம் பொருத்தி, ஓடும் வீடாக மாற்றியிருந்தார்கள். எப்போதோ ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது, கை மாறி கை மாறி மலைக்கு வந்துவிட்டது. (வெளிநாட்டு வண்டியை இப்படிக் கொண்டுவருபவர்கள் 'கார்னே' என்ற சுங்கப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும், திரும்பப் போகும்போது வண்டியையும் கொண்டுபோக வேண்டும். இந்த வண்டியின் கார்னே என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு எதற்கு அந்த ஃபைல்.) வேனை அப்படியே கொட்டகையில் நிறுத்தி, மலைக்கு வரும் பயணிகள் தங்கும் அறையாக்குவது இளைஞரின் திட்டம். பெயிண்ட் அடித்தாகிவிட்டது, மெத்தை தைத்தாகிவிட்டது. மிச்சமிருந்தது அடுப்பு. அதற்கு கேஸ் தருவது வேனின் அடியில் இரண்டு இரும்புப் பட்டிகளால் கட்டியிருந்த ஓர் உருண்டைத் தொட்டி.

தகட்டில் 'பிரோபான்' என்று தெளிவாக இருந்தது. நம் ஊரில் புரொப்பேன். கொள்ளளவு, வெற்று எடை, சோதனை அழுத்தம், ஒரு தேதி. தேதிக்குப் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு குழிந்த முத்திரை. விரலில் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். குதிரைத் தலை.

பிரெஞ்சில் அதற்குப் பெயரே அதுதான், 'தேத் தெ ஷெவால்', குதிரையின் தலை. அழுத்தம் தாங்க வேண்டிய எந்தக் கலனும் பிரான்சில் அப்போதெல்லாம் அரசு சோதனையில் தேறிய பிறகுதான் அந்த முத்திரையைப் பெறும். நீராவிக் கலன்களுக்கு 1926 ஏப்ரல் 2-ஆம் தேதி ஆணை, வாயுக் கலன்களுக்கு 1943 ஜனவரி 18-ஆம் தேதி ஆணை. முத்திரை குத்தியவர்கள் 'செர்விஸ் தெ மீன்' என்ற சுரங்கத் துறைப் பொறியாளர்கள். சமையல் கேஸுக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1823-இலேயே பிரெஞ்சு அரசு உயர் அழுத்த நீராவி இயந்திரங்களுக்குச் சட்டம் போட்டது. அன்றைக்கு பாய்லர் பற்றித் தெரிந்த அரசு ஊழியர்கள் சுரங்கப் பொறியாளர்கள்தான், வேலை அவர்கள் தலையில் விழுந்தது. அரசு வேலையில் ஒரு தடவை ஒரு மேசைக்கு வந்த ஃபைல் நூறு வருஷம் ஆனாலும் அந்த மேசையை விட்டுப் போகாது. இது எந்த நாட்டுக்கும் பொது.

அந்தச் சோதனைக்கு பிரெஞ்சில் 'எப்ரெவ்' என்று பெயர். இந்தச் சொல்லை நான் முதலில் கற்றது பள்ளிக்கூடத்தில், வேறு அர்த்தத்தில். எப்ரெவ் என்றால் பரீட்சை. பிரெவே பரீட்சைக்கு முந்தின வாரம் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள், 'பையனுக்கு எப்ரெவ்' என்று. சோதனை, இடர், அக்கினிப் பரீட்சை என்ற பொருள்களும் அதற்கு உண்டு. சிலிண்டருக்கும் பையனுக்கும் ஒரே சொல்.

எங்கள் பள்ளியில் விஞ்ஞானமும் பிரெஞ்சில்தான். மற்றவர்கள் பாயில் விதி என்று படித்ததை நாங்கள் மரியோத் விதி என்று படித்தோம். வாயுவை அழுத்தினால் கன அளவு குறையும், அவ்வளவுதான், யார் பெயர் வைத்தால் என்ன. ஆனால் ஒரு பெயரை எங்கள் வாத்தியார் விடவே மாட்டார், தெனி பாப்பேன். பிளுவா பக்கம் 1647-இல் பிறந்தவர். 1679-இல் மூடிய பாத்திரத்தில் எலும்பை வேகவைத்துக் காட்டினார், இன்றைய குக்கரின் பாட்டன். அவருடைய பெரிய யோசனை பாத்திரம் அல்ல, அதன் மூடியில் வைத்த எடைபோட்ட வால்வு. அழுத்தம் மிஞ்சினால் வால்வு தூக்கிக்கொள்ளும், பாத்திரம் பிழைக்கும். வேன் தொட்டியின் மேலும் அப்படி ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தது. அதன் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

புரொப்பேனும் பியூட்டேனும் சாதாரண அழுத்தத்தில் வாயு. கொஞ்சம் அழுத்தினால் திரவமாகிவிடும். அதனால்தான் சமையலறைக்குத் தோதான எரிபொருள். 1910-இல் அமெரிக்காவில் வால்ட்டர் ஸ்னெல்லிங் என்ற ரசாயனர், பெட்ரோல் ஏன் வழியிலேயே ஆவியாகித் தொலைகிறது என்று ஆராயப்போய் இவற்றைப் பிரித்தெடுத்தார். பிரான்சில் 1931-இல் பியூத்தாகாஸ் என்ற கம்பெனி பியூட்டேனைப் புட்டியில் அடைத்து வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கியது. அங்கே இன்றும் 13 கிலோ புட்டிதான் வழக்கம். 1949-இல் காம்பிங்காஸ் வந்தது, கூடாரத்துக்கும் வேனுக்கும் ஏற்ற சின்ன நீலப் புட்டி. சைகோனில் இருந்து திரும்பிய சொல்தாக்கள் குடும்பத்தில் ஒரு பெரியம்மா, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு 'அங்கெல்லாம் புட்டியைத் திருகினா நெருப்பு' என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. எங்கள் அம்மா நம்பவில்லை. எங்களுக்கு விறகுவாடியில் இருந்து மாட்டு வண்டியில் சவுக்குக் கட்டை வரும், அதைப் பிளக்க ஆள் வருவார்.

இரண்டு வாயுவுக்கும் ஒரு வித்தியாசம் முக்கியம். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழேயே கொதிப்பதை நிறுத்திவிடும், பனிக்காலத்தில் அடுப்பு எரியாது. புரொப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆல்ப்ஸ் மலைக்குப் போகிற வேன்காரர்கள் அதனால்தான் புரொப்பேன் தொட்டி வைத்தார்கள். ஆனால் அதே காரணத்தால் வெயிலில் புரொப்பேனின் அழுத்தம் அதிகம், தொட்டியும் கனமான இரும்பாக இருக்க வேண்டும். நம் நாட்டு சிலிண்டரில் இருப்பது இரண்டின் கலவை. 40 டிகிரி சூட்டில் அதன் அழுத்தம் 1050 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர விதி. தூய புரொப்பேன் அந்தச் சூட்டில் இந்த எல்லையைத் தாண்டிவிடும்.

இளைஞர் இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "அப்ப நம்ம கேஸை இது தாராளமா தாங்கும் இல்லைங்களா?"

கணக்குப்படி தாங்கும். புதிதாக இருந்த அன்று தாங்கியிருக்கும். கீழே ஊரில் ஒரு மெக்கானிக் அவருக்கு ஏற்கெனவே வழி சொல்லிக்கொடுத்திருந்தார்: துருவைச் சுரண்டு, ரெட் ஆக்ஸைடு அடி, வாஷர் மாற்று, வீட்டு சிலிண்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு டியூப் போட்டு இறக்கிவிடு. அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நட்சத்திரம் பார்க்க வந்து தங்குகிறார்கள், அதற்குள் முடிக்க வேண்டும் என்றார். எனக்கு அந்த மலைக் குளிரிலும் வியர்த்தது.

சிலிண்டரை முழுக்க நிரப்பக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. நம் வீட்டு சிலிண்டர் 33.3 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், ஆனால் அதில் 14.2 கிலோ கேஸ்தான் அடைப்பார்கள். திரவ கேஸ் தண்ணீரைவிட லேசு என்றாலும், அதையும் சேர்த்துப் பார்த்தால் மேலே வெற்றிடம் விட்டிருப்பது தெரியும். காரணம், சூடு ஏறினால் இந்தத் திரவம் தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும். விரிய இடம் இருந்தால் அழுத்தம் நிதானமாக ஏறும். இடம் இல்லையென்றால் திரவம் இரும்பையே தள்ளும், இரும்பு தோற்கும். பாட்டிலிங் பிளான்ட்டில் எடை போட்டு நிறுத்துகிறார்கள். டியூப் போட்டு இறக்குகிறவர் எதை வைத்து நிறுத்துவார், சத்தத்தை வைத்தா?

1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில் லாஸ் அல்ஃபாக்கஸ் என்ற கடற்கரை முகாமில் நடந்தது இதுதான். புரொப்பிலீன் ஏற்றிய ஒரு டேங்கர் லாரி அந்த வழியாகப் போனது. அளவுக்கு மீறி நிரப்பப்பட்ட லாரி, மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் அதில் இல்லை. விடுமுறைக்கு வந்த பிரெஞ்சு, ஜெர்மன், பெல்ஜியக் குடும்பங்கள் கூடாரத்திலும் வேனிலும் மதிய நேரத்தில் இருந்தபோது முகாமின் ஓரத்தில் அது வெடித்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது எனக்கு இருபது சொச்சம் வயது. பழைய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் கரிந்துபோன கூடாரங்களின் படத்தைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கதையைத்தான் இளைஞரிடம் சொன்னேன். விதி எண் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், பிள்ளைகள் என்றால் கேட்பார்கள்.

சரி, முறைப்படி சோதித்து நிரப்ப முடியாதா? இங்கேதான் நம் நாட்டுச் சட்டத்தின் வரலாறு வருகிறது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் பட்டாசுக்கும் வெடிமருந்துக்கும் வந்தது. 1938 செப்டம்பரில் வெள்ளைக்கார அரசு ஓர் அறிவிப்பு போட்டது: உலோகக் கலனில் அழுத்தியோ திரவமாக்கியோ அடைத்த எந்த வாயுவும் இந்தச் சட்டத்தின் கண்ணில் வெடிபொருளே. 1940-இல் கேஸ் சிலிண்டர் விதிகள் வந்தன. பிறகு 1981, 2004, 2016 என்று திருத்தி எழுதினார்கள். அடிப்படை மாறவில்லை. நாக்பூரில் தலைமையிடம் கொண்ட வெடிபொருள் துறையின் தலைமைக் கட்டுப்பாட்டாளர் ஒப்புதல் தராத கலனை இங்கே யாரும் நிரப்பக் கூடாது. பிரான்சில் குதிரைத் தலை வாங்கினது பிரான்சில் செல்லும். அந்த எப்ரெவ் தேறியவன் இங்கே மறுபடி எழுத வேண்டும், இங்கே ஹால் டிக்கெட்டே கிடைக்காது.

பாரிஸிலிருந்து வேனில் கிளம்பிய கூட்டத்துக்கு இது பழகிப்போன தொல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர் என்று தரைவழியாகவே வந்தார்கள். 1969-இல் ஆரோவில்லுக்கு பாரிஸிலிருந்து ஒரு கூட்டமே வண்டிகளில் வந்து சேர்ந்தது. 1979-இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை, அந்தப் பாதை அத்தோடு மூடிக்கொண்டது. வழியில் பெட்ரோல் எங்கும் கிடைக்கும், ரொட்டி கிடைக்கும், கேஸ் மட்டும் எல்லை தாண்டினால் கிடைக்காது. நாட்டுக்கு ஒரு வால்வு, நாட்டுக்கு ஒரு மரை. போதாததற்கு எரியும் வாயுவுக்கெல்லாம் இடப்பக்க மரை வைப்பது ஐரோப்பிய வழக்கம். தெரியாதவர் வழக்கமான பக்கம் திருகினால் மூடுவதற்குப் பதில் திறந்துவிடுவார், திறப்பதற்குப் பதில் இறுக்கிவிடுவார். பிரான்சில் ரெகுலேட்டர் பியூட்டேனுக்கு 28 மில்லிபார், புரொப்பேனுக்கு 37 மில்லிபார். நம்முடையது ஏறக்குறைய 30. அடுப்பின் ஜெட்டும் அதற்கேற்ப மாறும். பாதிப் பேர் வழியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கிக்கொண்டு தொட்டியைச் சும்மா சுமந்துகொண்டு வந்திருப்பார்கள்.

நம் நாட்டுக்கு புட்டி கேஸ் வந்தது 1955-இல், பம்பாயில். பர்மா ஷெல் கம்பெனி 'பர்ஷேன்' என்ற பெயரில் விற்றது. இந்தியன் ஆயிலின் இன்டேன் முதல் இணைப்பு 1965 அக்டோபரில் கல்கத்தாவில். நம் பக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-இல் ஓடத் தொடங்கியது. ஆனாலும் இணைப்பு கிடைப்பது குதிரைக் கொம்பு. எண்பதுகளில் நான் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த வருஷங்களில் என் மூத்த பெண் பால்வாடியில் இருந்து மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். எம்.பி.க்களுக்குக் கோட்டா உண்டு, கூப்பன் வைத்திருப்பார்கள். எனக்கு எம்.பி. யாரையும் தெரியாது, அவர்கள் ரேஷன் அட்டைக்கு என்னிடம் வந்ததும் இல்லை.

அப்படிக் கிடைத்த இணைப்பில் ஒரு விசேஷம். சிலிண்டர் நம்முடையது அல்ல. டெபாசிட் கட்டி, சந்தா ரசீது வாங்கி, கம்பெனியின் சிலிண்டரைப் பயன்படுத்துகிறோம். இன்று என் வீட்டில் இருப்பது அடுத்த மாதம் அரியாங்குப்பத்தில் இருக்கும், அதற்கடுத்து திண்டிவனத்தில். இது ஏதோ வசதிக் குறைவு என்று அப்போது தோன்றியது. உண்மையில் நம்மைக் காப்பாற்றியதே இந்த ஏற்பாடுதான். சிலிண்டர் நம் சொந்தமாக இருந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் அதைச் சோதனைக்குக் கொண்டுபோயிருப்போம்? கைப்பிடி ஆடும் வரை, அடி வளையம் உதிரும் வரை வைத்திருப்போம், மேலே பெயிண்ட் அடித்து.

ஒவ்வொரு தடவை நிரம்பப் போகும்போதும் யாரோ ஒருவர் தவணையைப் பார்க்கிறார். செய்த பத்து வருஷத்தில் முதல் சோதனை, அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒன்று. சோதனை நடக்கும் ஒரு கூடத்தை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வரிசையாக வால்வு கழற்றி வாய் பிளந்து நிற்கும் சிலிண்டர்கள். முதலில் மிச்ச வாயுவை வெளியேற்றுவார்கள். பழைய பெயிண்டையும் துருவையும் உரித்து வெறும் இரும்பாக்குவார்கள். விளக்கை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள், நெளிவு, பள்ளம், அரிப்பு, வெல்டிங் வெடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று. எடை போடுவார்கள், இரும்பு தேய்ந்திருந்தால் தராசு காட்டிக்கொடுக்கும். பிறகு தண்ணீரால் நிரப்பி சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் கொடுப்பார்கள். வீட்டில் அது தாங்கும் அழுத்தத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு.

ஏன் காற்று இல்லை, தண்ணீர்? எங்கள் வாத்தியார் இருந்திருந்தால் இதைப் பரீட்சைக் கேள்வியாகவே வைத்திருப்பார். காற்று அழுந்தும், அழுந்தின சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், சிலிண்டர் பிளந்தால் குண்டாகிவிடும். தண்ணீர் அநேகமாக அழுந்தாது. இரும்பு பிளந்தால் ஒரு சொட்டு, ஒரு பீச்சல், அவ்வளவோடு முடிந்தது. தேறினால் துத்தநாகப் பூச்சு, சிவப்புப் பெயிண்ட், வால்வு, கசிவுச் சோதனை, புதிய தவணை எழுத்து. தேறாவிட்டால் நசுக்கியோ வெட்டியோ மறுபடி யாரும் ஒட்டிப் பயன்படுத்த முடியாதபடி அழித்துவிட வேண்டும் என்பது விதி. மறுகூட்டல் கிடையாது.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே கேஸ் ஓடிய காலமும் உண்டு. 1984-இல் மாருதி வேன் வந்தது. அதன் பின்சீட்டுக்கு அடியில் வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டாத ஊர் தமிழ்நாட்டில் இருந்ததா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டும் ஓட்டினார்கள். அடிக்கடி ஒன்று எரியும், இரண்டு நாள் சோதனை நடக்கும், மூன்றாம் நாள் பழையபடி ஓடும். 2000-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, வண்டிக்கென்றே தனித் தொட்டி, 80 சதவீதம் ஆனதும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு என்று வந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

பெழோ வேனின் தொட்டி கதை சீக்கிரம் முடிந்தது. இளைஞர் சமவெளியில் ஒரு சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். அவர்கள் ஒப்புதல் இல்லாததைச் சோதிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் நிரப்பி மிச்ச வாயுவைத் தள்ளிவிட்டு வெட்டித் தருகிறோம் என்றார்கள், அது பெரிய உதவி. பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தால் அங்கே கட்டிங் டார்ச்சோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். காலியாகிவிட்டது என்று நாம் நினைக்கும் தொட்டியில்தான் காற்றும் வாயுவும் கலந்து காத்திருக்கும். இந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். மெர்காப்டன் என்ற நாற்றச் சரக்கு கலந்திருப்பதால் நமக்குத் தெரிகிறது, ஆனால் வருஷக்கணக்கில் துருப்பிடித்த தொட்டிக்குள் அந்த நாற்றமும் மங்கிவிடுமாம். வெட்டும்போது தகட்டையும் குதிரைத் தலையையும் மட்டும் தனியாக எடுத்து வேனின் சுவரில் மாட்டியிருக்கிறார். அடுப்புக்கு, 2013-இல் இருந்து முகவரிச் சான்று கேட்காமல் விற்கிற 5 கிலோ சின்ன சிலிண்டர், வேனுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில்.

ஆனால் அந்த மலையில் நான் பார்த்த பெரிய விஷயம் அந்த வேன் அல்ல. அதைப் பார்க்கப் போன பாதையில் எதிரே வந்தவர்கள். தலைச்சுமையாக விறகு எடுத்துக்கொண்டு நான்கு பெண்கள். நான்கு பேர் வீட்டிலும் கேஸ் இருக்கிறது. 2006-இல் வந்த ஆட்சியில் தமிழ்நாடு அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2009-இல் கிராமங்களுக்கென்று சின்ன விநியோகஸ்தர் திட்டம் வந்தது. 2016 மே முதல் தேதி உஜ்வலா, 2021 ஆகஸ்டில் அதன் இரண்டாம் கட்டம். உஜ்வலாவில் எட்டுக் கோடி இணைப்பு என்ற இலக்கு 2019 செப்டம்பரிலேயே எட்டியாயிற்று. நான் முத்திரை குத்திய காலத்தில் கனவிலும் நினைக்காத எண்ணிக்கை, அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஆனால் இணைப்பு ஒரு நாள் காரியம். போட்டோ எடுப்பார்கள், மாலை போட்ட சிலிண்டர் நடுவில் இருக்கும். மறுநிரப்பு என்பது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும் செலவு, அதற்கு யாரும் போட்டோ எடுப்பதில்லை. 2019-இல் வந்த மத்தியத் தணிக்கை அறிக்கை உஜ்வலா வீடுகளில் வருஷத்துக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர் வாங்குகிறார்கள் என்று கணக்குச் சொன்னது. 2022-இல் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அந்த மே மாதம் உஜ்வலாக்காரர்களுக்கு சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் என்றார்கள், அடுத்த வருஷம் அக்டோபரில் 300 ஆக்கினார்கள். மானியம் பிறகு வங்கிக்கு வரும். வாங்கும் அன்று முழுப் பணம் கையில் வேண்டும். பாட்டிலிங் பிளான்ட் எல்லாம் சமவெளியில், சிலிண்டர் கொண்டை ஊசி வளைவில் ஏறித்தான் வர வேண்டும். தனித்தனிக் குடிசையாகச் சிதறிக் கிடக்கிற ஊர்களில் கடைசி ஒரு மைல் யாரோ ஒருவர் தோளில். நிரம்பிய சிலிண்டர் இரும்போடு சேர்த்துக் கிட்டத்தட்ட முப்பது கிலோ. விறகுச் சுமையும் ஏறக்குறைய அதே கனம்தான், ஆனால் அதற்குக் காசு கேட்க ஆள் இல்லை.

அந்த நால்வரில் ஒருவர் மாப்பிள்ளை வீட்டுக்குத் தேனும் கடுக்காயும் கொண்டுவருகிற அம்மா. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனோம். சிலிண்டர் ஒரு மூலையில் சேலைத் துணி போர்த்தி நின்றது, அடுப்பு பளபளவென்று துடைத்திருந்தது. பழக்கம் விடுமா, துணியை விலக்கித் தவணை எழுத்தைப் பார்த்தேன், இன்னும் மூன்று வருஷம் இருந்தது. மழைக்காலத்தில் விறகு நனைந்தால், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால், விருந்தாளி வந்தால் கேஸ். மற்ற நாள் வெளியே மூன்று கல்.

"வருசத்துக்கு எத்தனைம்மா?" என்று கேட்டேன்.

"புளி வித்தா மாசியில ஒண்ணு, சாமி" என்றார்.

"அப்புறம்?"

"சாமை அறுத்துத்தான் பாக்கணும்."